ஃபார்மட்டுக்குத் தப்பிய ஃபான்ட்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நெருளில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் அன்றோடு கிழடாகிவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 அதில் இல்லை. பிராசஸரும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. புதிது வாங்கலாம், அல்லது பழைய பெட்டியைத் துடைத்து இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடலாம். பக்கக் கணக்கில் கூலி வாங்கும் மொழிபெயர்ப்பாளருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வேலைக்கு வந்த பையன் கெட்டிக்காரன். "பேக்கப் எடுத்தாச்சா ஆன்ட்டி?" என்று இந்தியில் கேட்டான். டாக்குமென்ட், போட்டோ, வங்கிக் காகிதங்கள் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. "இன்னும் ஒன்று பாக்கி, ஃபான்ட்" என்றேன். ஃபான்ட்தானே, எத்தனை வேண்டுமானாலும் நெட்டில் கிடைக்குமே என்றான். மராத்திக்காரப் பையன், தமிழ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த கதை அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

யூனிகோட் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அது புழங்குவதற்குப் பல வருடம் ஆயிற்று. அதுவரை பத்திரிகைக்கு ஒரு ஃபான்ட், அச்சகத்துக்கு ஒரு ஃபான்ட். ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தை உட்காரவைக்கும் தந்திரம்தான் எல்லாமே. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. உலகத் தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம். அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்.

பாமினி, டிஸ்கி போன்ற பிரபலஸ்தர்களுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. லினக்ஸின் அடித்தளத்திலேயே டிஸ்கியை யூனிகோடாக்கும் வசதி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. என் பிரச்னை அநாமதேய ஃபான்ட்.

2002, 2003இல் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் இருந்த 11 முதியவர்களைப் பேட்டி கண்டேன். அநேகமாக எல்லோரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். கேசட்டில் பதிந்ததை மாதுங்காவில் ஒரு டி.டி.பி. கடையில் அடித்து வாங்கினேன். கடைக்காரர் தாமே உருவாக்கிய ஃபான்ட் அது. கடை இப்போது இல்லை. கேசட்டுகள் கலீனாவில் அக்கா வீட்டுத் தரைத்தளத்தில் இருந்தன. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அதில் போயின. பேசியவர்களில் பெரும்பாலோரும் இன்று இல்லை. மிஞ்சியது ஃப்ளாப்பி, சி.டி. என்று கூடுவிட்டுக் கூடு பாய்ந்து வந்த கோப்புகள் மட்டும். (கழிமுகத்து உப்புக் காற்றில் சி.டி.க்கும் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை நெருள்வாசிகள் அறிவார்கள்.) அவற்றைப் படிக்கும் ஒரே சாவி, 58 கே.பி. எடையுள்ள அந்த ஃபான்ட். அது இருந்தது டாக்குமென்ட் ஃபோல்டரில் அல்ல, ஃபார்மட்டில் துடைக்கப்படும் விண்டோஸ் ஃபோல்டருக்குள்.

அதை மூன்று இடங்களில் பிரதி எடுத்த பிறகே பையனைத் தொடவிட்டேன். அரை மணி நேரத்தில் லினக்ஸ் ஏறியது. யூனிகோட் தமிழ் அழகாகத் தெரிந்தது. தமிழ்99 விசைப்பலகையும் கிடைத்தது. பழைய ஃபான்டை நிறுவியதும் பேட்டிகளும் கண்விழித்தன. ஆனால் எத்தனை ஃபார்மட்டுக்கு அதைத் தூக்கிச் சுமப்பது? யூனிகோடுக்கு மாற்றிவிடத் தீர்மானித்து, எந்த இருக்கையில் எந்த எழுத்து என்று அட்டவணை போட்டேன்.

இங்கேதான் எம்.ஏ. தமிழ் எதிர்பாராமல் உதவிக்கு வந்தது. உயிர்மெய்யில் மெய் முதலில், உயிர் பின்னால் ஒலிக்கும் என்பது இலக்கணம். யூனிகோட் அப்படியே சேமிக்கிறது: 'கெ' என்றால் முதலில் க, பிறகு கொம்பு. பழைய ஃபான்டோ கை எழுதுகிற வரிசையில் கொம்பை முன்னால் வைக்கும். ஆகவே எழுத்தை மாற்றினால் போதாது, வரிசையையும் புரட்ட வேண்டும். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. அது ஒட்ட வேண்டும். 'கௌ'வின் வால் அசல் 'ள' மாதிரியே இருப்பதால் இரண்டுக்கும் ஒரே இருக்கை. 'கௌரவம்' சரியாக வரும்படி விதி எழுதினால் 'தெளிவு' குழம்பிவிடுகிறது!

டைப் அடித்தவரின் கைப்பழக்கம் வேறு. துணைக்காலுக்குப் பதில் பல இடங்களில் 'ர' அடித்திருக்கிறார். கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது, அட்டவணைக்குத் தெரியும். 'தோல்' எல்லாம் 'தேரல்' ஆகி வந்தது. சங்க இலக்கியத்துத் தேறல் ஞாபகம் வந்து சிரித்தேன். நூற்றுக்கணக்கான இடங்கள், ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடிகிறது. திருநெல்வேலிப் பேச்சுவழக்கு என்பதால் எந்த எழுத்துத் திருத்தியும் உதவவில்லை. அது பிழை என்று சிவப்புக் கோடு போடுகிற சொல்தான் பல இடங்களில் சரியான சொல்.

இதுவரை 7 பேட்டிகள் முடிந்தன. சுண்ணாம்புக் குழியையும் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியையும் பற்றி ஒரு பெரியவர் சொன்ன இரண்டு பக்கங்களை நேற்று மகளின் செல்போனுக்கு அனுப்பினேன். எந்த ஃபான்டும் இல்லாமல் திறந்தது. மீதி 4 பேட்டிகள் இன்னும் அந்த 58 கே.பி.யின் தயவில் இருக்கின்றன.