கல்வராயன் மலைவாசிகள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் மார்க்கமாகச் சென்றோமானால், கோமுகி அணைக்கு அப்பால் பாதை மலையேறத் தொடங்குகிறது. வெள்ளிமலையை அடைவதற்குள் காற்றுக் குளிர்ந்துவிடுகிறது. இங்கே வசிப்போர் மலையாளிகள். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர் என்பதே பொருள். அவர்கள் பேசுவதும் நம் தமிழே.

இவர்களுடைய பூர்வீகம் யாது? காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் புறப்பட்டு, மலைக்கு ஒருவராகக் குடியேறினராம். எவருக்கு எந்த மலை என்பதில் மட்டும் மலைக்கு மலை பேதமுண்டு! குலதெய்வமாகிய கரிராமரும் காஞ்சியை விட்டு வந்தவரே என்கிறார்கள்.

பண்டை ஐரோப்பாவில் பரவியிருந்த கெல்டிய இனத்தாரின் மொழிவழி வந்த அயர்லாந்துக்காரரும், மீல் என்பவனுடைய புதல்வர் ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து வந்ததாகப் பழங்கதை வைத்திருக்கின்றனர். ஆராய்ச்சியாளர் அதைச் சரித்திரமாகக் கொள்வதில்லை. காஞ்சிக் கதையையும் அவ்வாறே கொள்ளலாம் என்பது நம் அபிப்பிராயம். ஆயினும், வெவ்வேறு மலைகளில் சிதறி வாழ்வோர் தம்மை ஒரு வயிற்றுப் பிள்ளைகளென்று எண்ணுவதற்கு இதைவிட உறுதியான பத்திரம் வேறு ஏது?

நிலத்துக்குரிய பத்திரம்தான் அக்காலத்தில் இவர்கள் கையில் இருக்கவில்லை. மலையை ஆள்பவர் என்று பெயர். மலையோ சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்களுக்கு உட்பட்டிருந்தது. உழுதவர் வரியும் கொடுத்துக் கூலியில்லா வேலையும் செய்தனர். 1947ல் சமவெளியில் சுதந்திரக் கொடி ஏறிய பின்னரும் இம்முறை நீடித்தது. 1976ல்தான் அரசாங்கம் ஜாகீர்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது.