சித்தி பையில் ஒரு டப்பா!

காலை ஆறே முக்காலுக்குத் தாம்பரத்தில் பீச் லோக்கல் ஏறி, கிண்டியில் இறங்கி, அடையாறுக்கு பஸ் பிடிச்சிருக்கீங்களா? போன செமஸ்டர் லீவில் எனக்கும் சித்திக்கும் அதுதான் ரூட். சித்திக்கு மார்பகப் புற்றுநோய். மூணு வாரத்துக்கு ஒருமுறை கீமோ. ரஸ்னா கலரில் சிவப்பா ஏறும் அந்த மருந்தோட பேர் டாக்ஸோரூபிசின்.

அன்னிக்கு சானடோரியம் ஸ்டேஷன் தாண்டினதும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாங்க. செலினியம், ஜிங்க் கலந்த ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல். ‘‘தெரிஞ்சவர் கொடுத்தார்டா. இந்த ஊசி ஹார்ட்டைக் கெடுக்குமாம், இது காப்பாத்துமாம். டாக்டர்கிட்ட மூச்சு விடாதே. நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிறே, நல்லதான்னு பார்த்துச் சொல்லு!’’

மெக்கானிக்கல் பையன்கிட்ட கேட்கிற கேள்வியா பாஸ் இது? ஆனா, துரு பிடிக்கிற சமாச்சாரம் நமக்குத் தெரியுமே! ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். (சானடோரியத்தில் 1928-ல் தொடங்கின டி.பி. ஆஸ்பத்திரியாலதான் அந்த ஸ்டேஷனுக்கே அந்தப் பேர். டி.பி.யை அடக்கின ஸ்ட்ரெப்டோமைசினும் சித்தியோட ஊசி மருந்தும் ஒரே இனத்து மண் பாக்டீரியாவிலிருந்து வந்தவை. அதுவும் அன்னிக்குத்தான் தெரியும்!)

சித்தியோட பயம் பொய்யில்லை. இந்த மருந்து இதயத் தசையில் இருக்கிற இரும்போடு சேர்ந்து ஃப்ரீ ரேடிக்கல்களைக் கிளப்பிவிடும். அதை அடக்குற ஒரு என்சைமுக்கு செலினியம் வேணும். சீனாவில் செலினியம் குறைஞ்ச மண்ணில் விளைஞ்சதைச் சாப்பிட்டவங்களுக்கு கேஷான்னு ஒரு இதய நோயே வந்திருக்கு. அப்போ டப்பா சரிதானே? எலிகளில் ஓரளவு சரியாவும் வந்திருக்கு. மனுஷங்ககிட்டதான் இடிக்குது.

2012-ல் வந்த ஒரு ஆய்வு இன்னொரு கதை சொல்லுது. இதய செல்லில் டோபோஐசோமரேஸ்-2 பீட்டான்னு ஒரு புரோட்டீன் இருக்கு. மருந்து அதைப் பிடிச்சு டி.என்.ஏ.வை உடைக்குது. அந்தப் புரோட்டீனை எடுத்துட்ட எலிகளோட இதயம் தப்பிச்சிடுச்சு. ஃப்ரீ ரேடிக்கல் மட்டும் வில்லன் இல்லை! இன்னொண்ணு படிச்சப்போ வயித்தைக் கலக்கிடுச்சு. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு அது. சுமார் 1,100 மார்பகப் புற்றுநோயாளிகளில், கீமோவுக்கு முன்னாடியும் நடுவிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நோய் திரும்புவது கூடுதல் மாதிரி தெரிஞ்சிருக்கு. முடிந்த முடிவு இல்லைதான். ஆனா, அது என் சித்தியாச்சே!

அடுத்த கீமோ அன்னிக்கு டாக்டர்கிட்ட போட்டுக் கொடுத்துட்டேன். அவங்க திட்டலை. ‘‘கீமோ முடியற வரைக்கும் இது வேண்டாம்மா’’ன்னு சொல்லிட்டு, ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. உடம்புப் பரப்பில் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம், நாலு தடவை, ஆக மொத்தம் 240. சிக்கல் வேகமா ஏறுறது 450, 550-ஐ நெருங்கும்போது. டோஸ் ரொம்ப ஏறுறவங்களுக்கு, இதயத்தைக் காக்கவே டெக்ஸ்ரஸாக்சேன்னு தனி மருந்து இருக்காம். சித்திக்கு எக்கோ எடுத்துப் பார்த்துக்கிட்டே போனா போதும்னு சொன்னாங்க.

திரும்பி வரும்போது கிண்டியிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் சித்தி ஜன்னல் பக்கம் திரும்பினவங்கதான், ஒரு வார்த்தை பேசலை. சானடோரியத்தில் கொய்யாப்பழக்காரம்மா ஏறினாங்க. ‘‘இதையாவது சாப்பிடலாமா, இல்ல இதையும் டாக்டர்கிட்ட சொல்லுவியா?’’

நாலாவது கீமோ முடிஞ்சு எடுத்த எக்கோ நார்மல். டப்பா இன்னும் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கு. 1,800 ரூபாயாம், தூக்கிப் போட மனசு வரலையாம்.