மாமா கட்டிய பூச்சிகள்

மீனாட்சியம்மன் பெயரில் வருகிற மீனைத் தவிர வேறு மீன் அறியாத வீடு எங்களுடையது. மதுரையில் சிம்மக்கல், வைகை கூப்பிடு தூரம். அப்படிப்பட்ட சைவ வீட்டுத் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்து, நாளெல்லாம் தூண்டில் முள்ளில் கோழி இறகைக் கட்டிக்கொண்டிருந்தார் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அவர் என் தாய்மாமா.

மாமா மூணாற்றில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே குளிர்ந்த ஓடைகளில் துரைமார்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் உண்டு. சீமை மீன். நம் மலைகளில் அதைக் குடிவைக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நீலகிரியில் 1863-ல் பிரான்ஸிஸ் டே என்பவர் முயன்று தோற்றார். 1907-ல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் ஏற்பட்ட காலத்தில்தான் அது நிலைத்தது. இந்த மீனுக்கு மண்புழுவைக் கோத்துப் போடுவது துரைமார்களுக்குக் கௌரவக் குறைச்சல். இறகாலும் பட்டு நூலாலும் பொய்ப் பூச்சி செய்து, நிஜப் பூச்சி தண்ணீர் மேல் வந்து உட்கார்கிற மாதிரி அதை வீச வேண்டும். ஒரு துரையிடம் மாமா இந்தக் கலையைக் கற்றுக்கொண்டார். துரை சீமைக்குப் போய்விட்டார். கலை மாமாவிடம் தங்கிவிட்டது. பிடித்த மீனைத் தின்றாரா என்றால், அதுவும் கிடையாது. தோட்டத்து ஆட்களிடம் கொடுத்துவிடுவாராம்!

1965-ம் வருஷம் மாமாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. க்ளாக்கோமா என்றார்கள். வேலையை விட்டுவிட்டு எங்களோடு இருக்க வந்தார். வரும்போது அவர் கையில் ஒரு தகரப் பெட்டி. அம்மா அதைத் திறந்து பார்த்தாள், அலறிவிட்டாள்.

"ஏண்டா தம்பி, கோழி இறகை நடுவீட்டிலே கொண்டாந்து வச்சிருக்கியே!"

"மயில் இறகும் இருக்குக்கா."

"மயில் முருகனுக்கு வாகனம். அது இருக்கட்டும்."

"சேவல் அவருக்குக் கொடியாச்சே, அக்கா!"

அம்மாவுக்குப் பதில் வரவில்லை. பெட்டி திண்ணையோடு நிற்க வேண்டும் என்று சமாதானம் ஏற்பட்டது.

சில மாதங்களுக்குள் மாமாவுக்கு வெளிச்சம், இருட்டு என்ற அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியது. முள்ளை ஒரு சின்ன இடுக்கியில் பொருத்தி, நூல் சுற்றி, இறகு வைத்துக் கட்ட வேறு கண் வேண்டியிருந்தது. அப்போது எனக்கு வயது பதினைந்து. பூ வேலை, ஜரிகை வேலை எல்லாம் எனக்குக் கை வந்த சமாசாரம். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

'இது என்ன பிரமாதம்?' என்று நான் நினைத்தேன். முதல் நாளே ஜரிகை, சிவப்புப் பட்டு எல்லாம் வைத்துக் கல்யாணப் பெண் மாதிரி ஒரு பூச்சி கட்டிக் கொடுத்தேன். மாமா தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா, இது உனக்குப் பிடிச்ச பூச்சி. மீனு என்ன திங்குதுன்னு முதல்லே பார்க்கணும்."

பிறகு அவர் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். ஓடைகளில் ஒரு பூச்சி இருக்கிறது. இங்கிலீஷில் மேஃப்ளை என்பார்கள். மாமா வைத்த பெயர் ஒருநாள் பூச்சி. கூழாங்கல்லின் அடியில், தண்ணீருக்குள், மாதக்கணக்கில் புழுவாக வாழ்கிறது. வயிற்றின் இரு பக்கமும் மெல்லிய செவுள்கள்; பின்னால் இரண்டு அல்லது மூன்று வால். காலம் வந்ததும் மேலே மிதந்து வந்து, தோலை உரித்துவிட்டு, மங்கலான சிறகோடு பறந்து போய்ச் செடியில் உட்கார்கிறது. அங்கே இன்னொரு தடவை தோல் உரிக்கிறது! சிறகு முளைத்துப் பறந்த பிறகும் தோல் உரிக்கிற பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். இப்போது சிறகு கண்ணாடி மாதிரி மின்னும். கூட்டங்கூட்டமாகத் தண்ணீர் மேல் ஆடும், முட்டையிடும், சிறகை விரித்தபடி விழுந்து செத்துப்போகும். இந்தக் கடைசி வாழ்வில் அதற்குச் சாப்பிடுகிற வாயே கிடையாது.

ஆகவே, ஒரே பூச்சிக்குப் பல வேஷம். புழுவாக இருக்கிற வேளையில் மீன் அடியிலே மேயும். அப்போது சிறகு வைத்த பூச்சியைப் போட்டால் ஏறெடுத்தும் பாராது. மங்கல் சிறகு வேளைக்கு ஒரு பூச்சி, விரிந்து விழும் வேளைக்கு ஒரு பூச்சி என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும். கோயிலில் ஒரே அம்மனுக்கு வேளைக்கு ஓர் அலங்காரம் செய்வதில்லையா, அந்த மாதிரி.

கட்டுகிற பொருளிலும் சூட்சுமம் உண்டு. சேவலின் கழுத்து இறகு விறைப்பானது. முள்ளைச் சுற்றிக் கட்டினால் பூச்சி தண்ணீர் மேலே நிற்கும். பெட்டைக் கோழி இறகு மெத்தென்றிருக்கும். தண்ணீர் குடித்து மூழ்கும். மிதக்க வேண்டுமா, மூழ்க வேண்டுமா என்பதைப் பொறுத்து இறகு. வண்டின் உடம்புக்கு மயில் தோகையின் ஓர் இழை போதும். ஒருநாள் பூச்சிக்குச் சிறகு படகின் பாய் போல நிமிர்ந்து நிற்க வேண்டும். மணலையும் குச்சியையும் தன் வாய்ப் பட்டினால் ஒட்டித் தனக்கே கூடு கட்டிக்கொள்ளும் ஒரு புழு உண்டு. அது பூச்சியானதும் சிறகு கூரை போல உடம்பின் மேல் சரிந்திருக்கும்.

இதெல்லாம் துரைமார்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் ஆயிரத்து எண்ணூறு வருஷங்களுக்கு முன்பே, மாஸிடோனியாவில் சிவப்புக் கம்பளி நூலும் இரண்டு சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததை ஈலியன் என்ற ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். 1496-ல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலில் பன்னிரண்டு பூச்சிகளுக்குக் குறிப்பு இருக்கிறது. அதை எழுதியவர் ஒரு கன்னியாஸ்திரீ என்பது வழிவழியாக வந்த பேச்சு. நம் மேற்கு மலைக் காட்டுச் சேவலின் கழுத்து இறகு, மெழுகுப் பொட்டு வைத்தாற்போல் மின்னுமே, அதுகூட ஸால்மன் மீனுக்குப் பூச்சி கட்டக் கப்பலேறியது. 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் இன்று அந்தப் பறவையைக் காக்கிறது.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் மூணாற்றிலிருந்து மாமாவின் பழைய சிநேகிதர் கடிதம் எழுதினார். மங்கல் சிறகு வேளைக்கு ஒரு டஜன் பூச்சி வேண்டுமாம். உடம்பின் நிறம், காயத் தொடங்கிய வேப்பிலை நிறம். அதற்கு மஞ்சள் பட்டு நூலை மெழுகில் இழுத்து மங்க வைக்க வேண்டும். நூல் தீர்ந்துபோயிருந்தது. வாங்கி வரப் புது மண்டபத்துக் கடைக்குப் போக வேண்டும். ஆனால் அன்று வாரப் பத்திரிகை வருகிற நாள்! தொடர்கதையில் கதாநாயகியை ரயிலடியில் தனியாக விட்டுவிட்டு 'தொடரும்' போட்டிருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளுமா? பூவேலைப் பெட்டியிலிருந்த கிளிப்பச்சை நூலை எடுத்தேன். பன்னிரண்டையும் கட்டி முடித்தேன்.

"எந்த நூல் பாப்பா?" என்று மாமா கேட்டார்.

"நீங்க சொன்னதுதான் மாமா."

ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். விரலுக்கு நிறம் தெரியுமா? "என்னைவிட நல்லாக் கட்டறே" என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பன்னிரண்டு பூச்சியும் திரும்பி வந்தன, ஒரு கடிதத்தோடு. வீட்டில் மாமாவுக்குக் கடிதம் வாசிக்கிறவளும் நான்தான். 'மீன் வருகிறது, மூக்கருகே வந்து பார்க்கிறது, திரும்பிவிடுகிறது. நிறத்தில் ஏதோ கோளாறு போலிருக்கிறது. மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்' என்று எழுதியிருந்தது. ஒரு வரியை விழுங்கிவிடலாமா என்று தொண்டை வரை வந்தது. எப்படியோ கடிதத்தை உள்ளபடி வாசித்துவிட்டேன். காரணத்தைத்தான் சொல்லவில்லை.

மாமா வெகு நேரம் பேசாமலிருந்தார்.

"நிறமே எனக்கு மறந்துபோச்சு போலிருக்கு. கண்ணு போனா மனசிலே இருக்கும்னு நினைச்சேன். அதுவும் போயிட்டுது" என்றார். பெட்டியை மூடினார்.

எட்டு நாள் அந்தப் பெட்டி திறக்கவில்லை. மாமா சாப்பிட்டார், தூங்கினார், திண்ணையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குத் தொடர்கதையும் ருசிக்கவில்லை, சோறும் ருசிக்கவில்லை. மீனுக்காகக் கட்டிய பொய் மீனிடம் செல்லவில்லை. என்னை நம்பிய மனுஷரிடம் போய்த் தைத்துவிட்டது.

ஒன்பதாம் நாள் ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த இரவு. மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, அது கிளிப்பச்சை நூல். கடைக்குப் போகச் சோம்பல்பட்டு நான்தான் கட்டினேன். நிறம் உங்களுக்கு மறக்கலை."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "அப்போ எனக்கு மறக்கலை" என்று இரண்டு தடவை, தமக்குள்ளேயே, சொல்லிக்கொண்டார். பிறகு, "நீ சொல்றதுதான் பாப்பா இனி எனக்கு வெளிச்சம். நல்லது கெட்டது, இருக்கிறபடி சொல்லு" என்றார்.

சற்று நேரம் கழித்து, "விளக்கைச் சுத்தி ஏதோ பறக்குதே, என்னது? பார்த்துச் சொல்லு" என்றார்.

ஈசல்! வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஈசலைக் கையில் பிடித்து உற்றுப் பார்த்தேன். "நாலு சிறகு மாமா. நாலும் ஒரே அளவு. உடம்பைவிட நீளம். உடம்பு வெல்லப்பாகு நிறம். தொட்டாலே சிறகு உதிருது" என்றேன்.

"பெட்டியை எடு" என்றார்.

மறுநாள் மாலை மாடக்குளம் கண்மாய்க்கு ஜட்கா வைத்துக்கொண்டு போனோம். கரையோரத் தண்ணீரில் ஈசல்கள் விழுந்து கிடந்தன. நான் கட்டிய பூச்சியை மாமா வீசினார். பார்வை இல்லாவிட்டாலும் வீச்சு மறக்கவில்லை. 'ப்ளக்' என்று ஒரு சத்தம். மாமாவின் முகம் எனக்கு முன்னால் அதைக் கேட்டுவிட்டது. உள்ளங்கை நீளம் ஒரு கெண்டை! இமையில்லாத கண்ணோடு எங்களைப் பார்த்தது. முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டோம்.

மாமா காலமாகிப் பல வருஷம் கழித்து ஒரு விஷயம் படித்தேன். மேற்கு மலையின் ஒருநாள் பூச்சிகளை ஆராய்ந்து பெயரிட்டவர்களில் முக்கியமானவர், எங்கள் ஊர் மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் கே. ஜி. சிவராமகிருஷ்ணன். 1984-ல் ஒன்றுக்குக் குற்றாலத்தின் பெயரையே சேர்த்துப் 'பீட்டர்ஸுலா கோர்ட்டாலென்ஸிஸ்' என்று வைத்தார். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போகிற பூச்சிகளில் இந்த இனமும் சேர்த்தியாம். மாமா இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை என்னை நாலு தடவை வாசிக்கச் சொல்லியிருப்பார்.

அடுத்த மழையில் ஈசல் வந்தால், விளக்கை அணைப்பதற்கு முன் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்களேன்.

தகரப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கிளிப்பச்சைப் பூச்சிகள் பன்னிரண்டும் அதில் இருக்கின்றன. போன வாரம் என் பேத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகா இருக்கு பாட்டி!" என்றாள்.

அழகுதான். மீனுக்குத்தான் பிடிக்கவில்லை.