பரிசலில் வரும் மீன்

பவானிசாகர் என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வரும்? பூங்கா, ஊஞ்சல், அணைக்கு வெளியே கடைகளில் பொரிக்கிற மீனின் வாசனை! ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு கிளம்பினால் கோயமுத்தூரிலிருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சுமார் இரண்டு மணி நேரத்துப் பயணம். குழந்தைகள் ஆடி ஓய்ந்ததும் ஆளுக்கொரு மீன் துண்டு. அந்தத் துண்டு எப்படிக் கரை சேர்ந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

பவானியும் மோயாறும் சேருமிடத்தில் 1948-ல் தொடங்கி 1955-ல் முடித்த அணை இது. எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கரை, பெரும்பகுதி மண்ணால் ஆனது. தேக்கும் உயரம் 105 அடி. கீழ்பவானி வாய்க்கால் வழியாக இரண்டு லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. பழைய டணாயக்கன் கோட்டை இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. தண்ணீர் ரொம்பவும் வற்றிப்போனால் அங்குள்ள கோயில் தலைகாட்டும்.

இந்தக் கடல் போன்ற பரப்பில்தான் மீனவர்கள் பரிசலில் போகிறார்கள். மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோலப் பின்னி, முன்பெல்லாம் எருமைத் தோல் போர்த்துவார்கள். பிறகு பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. இப்போது ஃபைபர் பரிசலும் உண்டு. வட்டமானதால் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்புப் போடத் தெரியாதவர் உட்கார்ந்தால் நின்ற இடத்திலேயே சுற்றும்! ஒருவர் துடுப்புப் போட, இன்னொருவர் வலை விடுவார். பொழுது சாயும் முன் வலையை விட்டு வந்து, விடியலில் போய் எடுப்பது வழக்கம்.

அமெரிக்காவில் கயாக் என்ற ஒடுக்கமான சிறு படகில் ஆற்றில் போய், 'பாஸ்' என்ற மீனைத் தூண்டிலில் பிடித்து, பலர் அதைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. இங்கே அப்படியா? மீன் வந்தால்தான் அடுப்பு எரியும். ஆடிக் காற்று அடித்தால் பரிசல் சொன்னபடி கேட்காது. 'காத்து அடங்கட்டுமுங்க' என்று கரையிலேயே காத்திருக்க வேண்டியதுதான். கரையோரம் சத்தியமங்கலம் காடு. தண்ணீர் குடிக்க யானை வரும். தண்ணீருக்குள் முதலையும் உண்டு.

கிடைக்கும் மீன்களில் கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி முக்கியமானவை. இவை எதுவுமே பவானியின் பிறவி மீன் அல்ல. வெளியிலிருந்து கொண்டு வந்து விட்டவை. காவேரிக்கும் அதன் கிளை ஆறுகளுக்குமே சொந்தமான, திமில் வைத்த பெரிய கெண்டை ஒன்று உண்டு. மகசீர் வகையைச் சேர்ந்த அது இன்று அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலிட்டது. அது இன்னும் மிச்சமிருக்கும் ஒரு சில இடங்களில் நம் மோயாறும் ஒன்று!

மீன் வாங்கும் நம் கையிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது, சகோதரிகளே. சின்னக் கண்ணி வலையில் சிக்கிய கட்லா, ரோகு குஞ்சுகளை மலிவு என்று வாங்காதீர்கள். தண்ணீரில் ஒரு வருஷம் விட்டால் கிலோ கணக்கில் வளரக்கூடியவை அவை. வாங்க ஆளில்லாவிட்டால் பிடிக்கவும் ஆளிருக்காது. அந்த மீனவர் வீட்டு அடுத்த வருஷத்துச் சோறும் மிஞ்சும். ஜிலேபி மீன் சிறிதாக இருந்தால் பாதகமில்லை.

கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருப்பதே நல்ல மீன். ரோகுவில் பொடி முள் அதிகம். கைக்குழந்தைக்கு ஊட்டும்போது சதையை விரலால் மசித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கடையில் பொரித்த மீன் என்றால், கறுத்துப்போன எண்ணெய் தெரிந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பரிசல் சவாரிக்கு ஆசைப்பட்டால் மீன்பிடிப் பரிசலில் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். காரமடைக்கு அப்பால், பில்லூர் அணையின் பரளிக்காட்டில் வனத்துறையே பரிசல் ஓட்டுகிறது. முன்கூட்டிப் பதிவு செய்து போக வேண்டும். மலைவாழ் பெண்கள் சமைத்த மதியச் சாப்பாடும் கிடைக்கும். எங்கே ஏறினாலும் குழந்தைக்கு மிதவைச் சட்டை மாட்டாமல் பரிசலில் கால் வைக்காதீர்கள்.