பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றை விலை பேசுதல்

பொறியியல் ஆய்வுகளில் முன்மாதிரி என்ற சொல் எளிதாக எழுதப்பட்டுவிடுகிறது. வரைபடம் கணினியில் முடிந்த பிறகு அது உலோகமாக மாறும் வரை நடப்பவை பெரும்பாலும் ஆய்வேட்டில் இடம்பெறுவதில்லை. பெங்களூரில் முனைவர் பட்டம் முடித்த ஒரு பெண், கைவிரல்கள் செயலிழந்தவர்களுக்கான பயிற்சிக் கருவி ஒன்றை வடிவமைத்தார். அதன் மூட்டு ஒன்றுக்கு நான்கு அலுமினியத் துண்டுகள் வேண்டும். பீன்யா தொழிற்பேட்டையின் பட்டறைகளுக்கு நூறு துண்டுகள் கேட்டால் மகிழ்ச்சி. ஒரே ஒரு துண்டு கேட்டால் அது வரிசையின் கடைசிக்குப் போகும். வடிவத்தில் அரை மில்லிமீட்டர் மாற்றினாலும் மீண்டும் மூன்று வாரக் காத்திருப்பு. ஆண்டுக்குப் பதினைந்து திருத்தங்களுக்கு மேல் இயலாது என்று கணக்கிட்ட நாளில், சொந்தமாக ஒரு சிறு பட்டறை வைப்பது என்று அவர் முடிவுசெய்தார்.

புதிய சிஎன்சி இயந்திரத்தின் விலை அவருடைய எல்லைக்கு வெளியே இருந்தது. கையில் இருந்தது தாயாரின் நகைகளை அடகுவைத்துப் பெற்ற தொகை. அதற்குள் அடங்கக்கூடியது, சிஎன்சியாக மாற்றப்பட்ட ஒரு பழைய ‘நீ’ மில்லிங் இயந்திரம் மட்டுமே.

மேசையைச் சுமந்துகொண்டு மேலும் கீழும் நகரும் பகுதி முழங்காலைப் போல முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் இந்த இயந்திரத்துக்கு அப்பெயர். 1938இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ருடால்ஃப் பான்னோ உருவாக்கிய செங்குத்து வடிவம் உலகெங்கும் நகலெடுக்கப்பட்டது. இந்தியாவில் 1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட எச்எம்டியின் மில்லிங் இயந்திரங்கள் இன்றும் பல கல்லூரிப் பட்டறைகளில் நிற்கின்றன. பழைய இரும்புக்குப் புதிய கட்டுப்பாட்டைப் பொருத்துவதை ஏழைகளின் குறுக்குவழி என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் எண்வழிக் கட்டுப்பாடே அவ்வாறுதான் பிறந்தது. ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸின் எண்ணத்திலிருந்து கிளைத்த முயற்சியில், 1952இல் எம்ஐடி ஆய்வாளர்கள் இயக்கிக் காட்டியது வழக்கமான சின்சினாட்டி மில்லிங் இயந்திரம் ஒன்றையே. அதில் வெற்றிடக் குழாய்களையும் துளையிட்ட நாடாவையும் இணைத்திருந்தார்கள்.

அத்தகைய இயந்திரத்துக்கு இரண்டு வயதுகள் உண்டு: இரும்பின் வயது ஒன்று, மின்னணுவின் வயது மற்றொன்று. விற்பவர் காட்டுவது இரண்டாவதை. புதுப் பெயிண்ட், ஒளிரும் திரை, பொத்தானை அழுத்தியதும் சீராக ஓடும் மேசை. முதல் வயதை அறிய வேறு கண் வேண்டும். ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரை அவர் உடன் அழைத்துச் சென்றது அதற்காகத்தான். பெரியவர் கொண்டு வந்தவை ஒரு டயல் கேஜ், காந்தத் தாங்கி, அரை மீட்டர் மரக்கட்டை, பழைய துணி.

“நடுவுல ஓடுறத பாத்து மயங்கிடாதீங்கம்மா. ஓரத்துக்கு ஓட்டிப் பாருங்க,” என்றார் அவர். காரணம் எளியது. வேலைத்துண்டு எப்போதும் மேசையின் நடுவில்தான் பிடிக்கப்படுகிறது. எனவே சறுக்குப் பாதை நடுவில்தான் தேய்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு ஏற்ப ஜிப்பை இறுக்கினால், தேயாத ஓரங்களில் மேசை சிக்கும். மோட்டாரை அணைத்துவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுழற்றியபோது இரு ஓரங்களிலும் சற்றே கனம் கூடியது. வயதுக்கு ஏற்ற தேய்மானம், மோசமில்லை என்றார் பெரியவர். ஸ்பிண்டிலை அரை மணி நேரம் ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தார், இளஞ்சூடுதான். ஒலியிலும் கரகரப்பு இல்லை.

அடுத்தது பேக்லாஷ் சோதனை. மேசையைப் பத்து மில்லிமீட்டர் முன்னே ஓட்டி, மீண்டும் சுழிக்குக் கொண்டுவந்தார்கள். எக்ஸ் அச்சில் டயல் முள் நூறில் ஒரு மில்லிமீட்டருக்குள் திரும்பி நின்றது. ஒய் அச்சிலும் அவ்வாறே. ஆய்வாளரின் குறிப்பேட்டில் இரண்டு அச்சுகளுக்கும் நேராகச் சரி என்ற குறி விழுந்தது. விற்பவர் தேநீர் சொல்லி அனுப்பினார்.

பெரியவர் டயல் கேஜைக் கழற்றவில்லை. மோட்டார் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மரக்கட்டையைக் கொடுத்து, ஒய் திசையில் மேசையை மெல்ல நெம்பினார். முள் 0.12 மில்லிமீட்டர் போயிற்று. எதிர்ப்பக்கம் நெம்பியதும் திரும்பி வந்தது. திரையில் ஒய்யின் எண் அசையவே இல்லை.

கட்டுப்பாட்டின் அளவுருப் பக்கத்தைத் திறந்தபோது விடை கிடைத்தது. எக்ஸ் அச்சுக்குப் பால் ஸ்குரூ பொருத்தியவர், ஒய் அச்சில் பழைய திருகையே விட்டுவைத்திருந்தார். நட்டில் இருந்த தளர்வை மென்பொருளில் 0.12 என்று எழுதிவைத்திருந்தார். திசை மாறும்போதெல்லாம் கட்டுப்பாடு அந்தத் தூரத்தைக் கூடுதலாக ஓட்டிக் கணக்கைச் சரிசெய்துவிடும். அதனால்தான் வெறுமையில் ஓடும்போது டயல் கேஜும் குறை சொல்லவில்லை.

ஆனால் கட்டர் உலோகத்தில் இறங்கும்போது நிலைமை வேறு. வெட்டும் விசை தளர்ந்த மேசையைத் தன் பக்கம் இழுக்கும். கட்டரின் சுழற்சியும் ஊட்டமும் ஒரே திசையில் அமைந்தால் மேசை திடீரெனப் பாயும். கட்டர் உடையவும் கூடும். கைச்சக்கரக் காலத்துத் தொழிலாளர்கள் எதிர்த்திசை வெட்டையே விரும்பியதன் காரணமும் இதுவே. அலுமினியக் கட்டை ஒன்றில் ஐம்பது மில்லிமீட்டர் வட்டம் வெட்டிப் பார்த்தார்கள். ஒய் அச்சு திசை மாறும் இடங்களில் நகத்தால் உணரக்கூடிய சிறு படிகள் தெரிந்தன.

விற்பவர் ஏமாற்ற நினைத்ததாகத் தெரியவில்லை. “எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க மேடம், கணக்கு சரியா வருதே,” என்றார். அவர் சொன்னது உண்மைதான். கணக்கு சரியாக வந்தது, பிடிமானம்தான் இல்லை.

ஆய்வாளர் அன்று முன்பணம் கொடுக்கவில்லை. ஒய் அச்சுக்குப் பால் ஸ்குரூ, அதற்கான தாங்கிகள், பொருத்தும் கூலி ஆகியவற்றுக்கு இரண்டு இடங்களில் விலை கேட்டார். மூன்றாம் நாள் திரும்பிச் சென்று, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு ஒரு விலை சொன்னார். மின்இணைப்பு வரைபடமும் அளவுருக்களின் நகலும் இல்லாமல் பணம் இல்லை என்றும் சொன்னார். கட்டுப்பாட்டின் நினைவகம் ஒருநாள் அழிந்தால், அந்த நகல் இல்லாத இயந்திரம் ஒரு டன் இரும்பு மட்டுமே. இரண்டு மணி நேரப் பேச்சுக்குப் பின் விற்பவர் ஒத்துக்கொண்டார். இயந்திரம் வந்தது, திருகு மாற்றப்பட்டது, 0.12 என்ற எண் அளவுருப் பக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. மூன்று வாரம் பிடித்த திருத்தம் இப்போது ஒரு பிற்பகலில் முடிகிறது. நகைகள் இன்னும் மீட்கப்படவில்லை. எனினும் அந்த ஆண்டு திருத்தங்களின் எண்ணிக்கை பதினைந்தோடு நிற்கவில்லை.

இந்நிகழ்ச்சி பட்டறைக்கு மட்டும் உரியதன்று. ஆய்வகங்களில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு திருத்தக் கோப்பு உண்டு. உணரியின் விலகலை ஒரு மாறிலியால் கழிக்கிறோம். மாதிரியின் சாய்வை ஒரு கெழுவால் நேராக்குகிறோம். அவை தேவையானவை, பல நேரம் போதுமானவையும்கூட. ஆயினும் திருத்தம் சீராக்குவது அளவீட்டை. கருவியின் தளர்வு கருவியிலேயே இருக்கிறது. சுமையற்ற சோதனையில் அது வெளிப்படாது. உண்மையான விசை படும்போதுதான் தெரியும். முனைவர் பட்டம் பெற்றவர் சரி என்று குறித்த அச்சை, ஏட்டறிவு குறைந்த ஒருவர் மரக்கட்டையால் நெம்பிப் பார்த்தார். எண் ஒத்துவந்த பிறகும் ஒருமுறை நெம்பிப் பார்ப்பது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தே யோசிக்கலாம்.