வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை



ஐரோப்பாவில் 2003ஆம் ஆண்டு முதல் ஜூனியர் யூரோவிஷன் என்னும் சிறுவர் பாட்டுப் போட்டி நடந்து வருகிறது. பங்குபெறும் ஒவ்வொரு நாடும் தன் சார்பாக ஒரு பிள்ளையையோ ஒரு குழுவையோ அனுப்புகிறது. தமிழ் உலகில் அதற்கு நிகரான ஒரு காட்சியை 2015 பிப்ரவரியில் கண்டோம். விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் இறுதிச் சுற்றில், கனடாவிலிருந்து வந்த ஜெசிக்கா என்னும் ஈழத்தமிழ்ச் சிறுமி பாடினாள். அவள் பாடியது 'கன்னத்தில் முத்தமிட்டால்' திரைப்படத்தில் தாய்மண்ணை விட்டுப் பிரிவோர் பாடும் பாடல். அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். பரிசு ஒரு கிலோ தங்கம். அந்தத் தங்கம் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அளிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

திருச்சுழியில் என் இல்லத்தில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு குத்தியது. மேடை ஏறாத பிள்ளைகளை அந்தச் சிறுமி நினைத்தாள். நானோ இரண்டு மாதங்களுக்கு முன், அருப்புக்கோட்டையில் நடந்த சிறுவர் கீதப் போட்டிக்கு எட்டுப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் ஒருவனை விலக்கியிருந்தேன். அவன் குரல் சுருதியில் நிற்கவில்லை. "அடுத்த வருஷம் பார்ப்போம் தம்பி" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன். குழு முதற்பரிசோடு திரும்பியது. அந்த மகிழ்ச்சியில், அவன் ஓய்வுநாள் பள்ளிக்கு வராததை நான் கவனிக்கவே இல்லை.

மறுநாள் மாலை கண்மாய்க்கரைக்குச் சென்றேன். என்னைக் கண்டதும் அவன் ஆடுகளைக் கருவேலங்காட்டுப் பக்கம் திருப்பினான். பின்னாலேயே நடந்து அவனை நிறுத்தினேன். தலை நிமிராமல் கேட்டான்: "பன்னிரண்டு வயசு வரைக்குந்தானே சேப்பாங்க? அடுத்த வருஷம் எனக்குப் பதிமூணுய்யா. அது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். போட்டி விதிகளை அவர்களுக்கு வாசித்துக் காட்டியவனே நான். ஆறுதல் என்று எண்ணி நான் சொன்னது பொய். அந்தக் கரையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

பெத்லகேமில் ஈசாயின் குமாரர் எழுவர் சாமுவேலுக்கு முன்பாகக் கடந்துபோனபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளையவனை அழைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இஸ்ரவேலின் இனிய பாடகனோ அவனே. இந்த வேதபகுதியைப் பலமுறை பிரசங்கித்தவன் நான். ஆயினும் ஆட்டுக்காரப் பிள்ளையை வெளியே நிறுத்தினேன்.

உயிர்த்தெழுந்த பண்டிகையன்று அவன் கடைசி வரிசையில் வந்து நின்றான். அன்று முதல் நம் சபைப் பண்டிகைகளில் பிள்ளைகள் அனைவரும் பாடுகிறார்கள். சில நேரம் சுருதி விலகுகிறது, விலகட்டும்.

பிரியமானவர்களே, "பிறகு பார்ப்போம்" என்று சொல்லி நாம் வெளியே நிறுத்திய பிள்ளை யார்? இந்த வாரமே அவனைத் தேடிச் செல்வோம். கர்த்தர் அதற்கு நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.