அக்கரையில் ஓராண்டு: காலையில் சென்று மாலையில் திரும்பும் தலங்கள்

பிள்ளைகள் வேலை பார்க்கும் நாட்டில் ஓராண்டு தங்கி வரலாம் என்று புறப்படும் பெற்றோருக்கு முதல் மாதம் விருந்தாகக் கழிகிறது. இரண்டாம் மாதத்தில் பகல் நீளத் தொடங்குகிறது. மகனும் மருமகளும் அலுவலகம், பேரன் பள்ளி. பதினான்காவது மாடியில் பூட்டிய கதவுக்குள் இரு முதியவர்கள். கும்பகோணத்துக்கு அருகிலிருந்து சிங்கப்பூர் சென்ற ஒரு தம்பதியின் நிலையும் இதுவாகவே இருந்தது. அங்கே சூரியன் உதிப்பதே ஆண்டு முழுவதும் ஏழு மணியளவில்தான். ஐந்து மணிக்கே நீராடிப் பழகிய பெரியவருக்கு அந்த இரண்டு மணி நேர இருள் பெரும் பாரமாக இருந்தது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அம்மையார் சொல்ல ஆரம்பித்த வேளையில்தான், பேருந்து அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு இருவரும் கோயில்களைத் தேடிப் புறப்பட்டார்கள்.

முதலில் தரிசிக்க வேண்டியது சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் திருக்கோயில். 1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை, 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுப்பிய ஆலயம் இது. இன்று சைனாடவுன் எனப்படும் சீனர் பகுதியின் நடுவே இராஜகோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்துத் தெருக்களின் பெயர்களே பகோடா தெரு, டெம்பிள் தெரு என்பவை. சீனக் கோயிலைக் குறித்த பெயர் என்று பலரும் எண்ணும் அந்தப் ‘பகோடா’, உண்மையில் அம்மனின் கோபுரமே. கப்பலில் வந்திறங்கிய ஏழைத் தொழிலாளருக்கு வேலை கிடைக்கும்வரை நிழல் தந்ததும் இந்தப் பிராகாரம்தான். திரௌபதி அம்மனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. ஐப்பசியில், தீபாவளிக்கு முன்பாக, இங்கே தீமிதி நடைபெறுகிறது. சில எட்டு தூரத்தில் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், கியோங் சைக் சாலையில் லயன் சித்தி விநாயகர் எழுந்தருளியிருக்கிறார். சிங்கத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை. சிப்பாய்கள் தங்கியிருந்த ‘லைன்ஸ்’ குடியிருப்பின் அருகே இருந்த பிள்ளையார், நாளடைவில் லயன் விநாயகராகிவிட்டார். தைப்பூசத்துக்கு முதல் நாள், டேங்க் சாலை தெண்டாயுதபாணி வெள்ளி இரதத்தில் ஏறித் தம் தமையனாரைக் காண இங்கே வருகிறார். 1859இல் அந்த முருகனுக்குக் கோயில் எடுத்தவர்கள் நகரத்தார். மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பெட்டியடிக்குப் பின்னால் சம்மணமிட்டு அமர்ந்து, வட்டிக்கணக்கை மனத்திலேயே போட்ட அவர்கள், முருகனுக்குரிய பங்கை ஒருபோதும் மறந்ததில்லை. இன்று அந்தத் தெருவில் வங்கிகளின் வானுயர் கட்டடங்கள் நிற்கின்றன. மறுநாள் செராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்பட்டு இங்கே வந்து சேர்கின்றன. தைப்பூசம் 1968 முதல் அந்நாட்டில் பொது விடுமுறை அன்று. ஆயினும் விடுப்பு எடுத்துக்கொண்டு காவடி சுமப்போர் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை.

வாட்டர்லூ தெருவிலுள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயில், அம்மையாரைப் பெரிதும் திகைக்க வைத்தது. 1870இல் தோன்றிய இக்கோயிலுக்கு அடுத்து, கருணைத் தேவி குவான் யின்னுக்குச் சீனர் எடுத்த பெரிய ஆலயம் உள்ளது. அங்கே வழிபட்டு வரும் சீனப் பெண்மணிகள், அதே ஊதுவத்திக் கட்டுடன் கண்ணன் வாயிலிலும் நின்று மும்முறை தலை தாழ்த்துகிறார்கள். இது முறைதானா என்று பெரியவர் கேட்டாராம். அவர் கும்பிடுகிறார், நாமும் கும்பிடுவோம், முறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மையார் நடையைக் கட்டினாராம்.

நகரத்துக்குள் சுற்றியது போதும் என்று ஆனபின், கடல் கடந்து ஜொகூர் பாரு சென்றார்கள். 1924இல் திறக்கப்பட்ட தரைப்பாலம் ஒரு கிலோமீட்டர் அளவே நீளமுடையது. ஆனாலும் இரு முனைகளிலும் மூட்டையுடன் இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, மீண்டும் பேருந்து ஏற வேண்டும். மூட்டு வலியுள்ளவர்கள் சனி, ஞாயிறுகளில் இதை முயலாதிருப்பது நல்லது. அக்கரையில் ராஜகாளியம்மன் கோயில் சுவர், தூண், விதானம் அனைத்தும் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டு ஒளிர்கிறது. கண்ணைக் கவர்கிறது என்பதில் ஐயமில்லை. எனினும் பழைய கருங்கல் கருவறையின் இருளில் ஒற்றை விளக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மனம் ஒடுங்கச் சற்று நேரம் பிடிக்கும்.

அந்த ஆண்டின் பயணங்களில் நெஞ்சில் நின்றது மலாக்காதான். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டு, நடை சாத்துமுன் சேர்ந்துவிட வேண்டும். பள்ளி விடுமுறையாதலால் ஒன்பது வயதுப் பேரனும் உடன் சென்றான். பள்ளியில் தமிழ் பயில்பவன்தான். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்குகிறான். ஆனால் பாட்டி தமிழில் கேட்டால் ஆங்கிலத்திலேயே விடை சொல்வான். அம்மையாருக்கு இது உள்ளூர உறுத்திக்கொண்டிருந்தது. மகனிடம் சொல்லவும் மனம் வரவில்லை.

மலாக்காவில் துகாங் எமாஸ் எனப்படும் பொற்கொல்லர் தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் உள்ளது. டச்சுக்காரர் ஆட்சியில் தரப்பட்ட நிலத்தில் 1781இல் எழுந்த இதுவே, மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் கோயில்களுள் மிகப் பழமையானது என்பர். ஓட்டுக் கூரையும் அடக்கமான விமானமுமாகக் காணப்படும் சிறிய ஆலயம். இதை எழுப்பிய மலாக்கா செட்டிகள் நகரத்தார் அல்லர், அவர்களுக்கும் முந்தியவர்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, அம்மண்ணின் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழரின் வழித்தோன்றல்கள். 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. தலைமுறைகள் செல்லச் செல்லத் தமிழ் அவர்கள் நாவிலிருந்து நழுவியது. வீட்டு மொழி மலாய். பெண்டிர் உடுப்பது சாரோங்கும் கெபாயாவும். ஆனால் சைவம் நழுவவில்லை.

காஜா பெராங் பகுதியிலுள்ள அவர்களது சிற்றூருக்குச் சென்றபோது நண்பகல் தாண்டிவிட்டது. 1822இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. நடை சாத்தியிருந்ததால் வெளியில் நின்றே கும்பிட்டார்கள். அருகில் ஒரு வீட்டின் நிலைப்படியில் மாவிலைத் தோரணம். அதைக் கண்டு அம்மையார் நின்றுவிட்டார். திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். அம்மையார் தமிழில் பேச, அவர் மலாயில் விடை சொல்ல, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மூதாட்டி பிறகு சிறுவனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவன் பாட்டியின் பக்கம் திரும்பினான்.

“பாட்டி, இவங்க போகி அன்னிக்கு செத்துப்போன தாத்தா பாட்டிக்கெல்லாம் இலை போட்டு சாப்பாடு வைப்பாங்களாம். பர்ச்சுன்னு பேராம். நம்ம வீட்டுலயும் வைப்போமான்னு கேக்கறாங்க.”

ஆண்டு முழுவதிலும் அவன் பாட்டியிடம் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசியது அதுவே முதல் முறை. அம்மையார், அமாவாசைக்கும் திவசத்துக்கும் இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைப்பதைச் சொன்னார். அவன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். காக்கைக்கு ஏன் என்று இடையில் நிறுத்திக் கேட்டான். பெரியவர் விளக்கினார், அவன் அதையும் சொன்னான். ‘திவசம்’ என்பதற்கு ஆங்கிலச் சொல் அகப்படாமல் விழித்தபோது, மூதாட்டியே கையை மேலே காட்டி, புரிந்தது என்று தலையசைத்தார். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் பழங்களும் தாம் வைப்பதாக அவர் சொன்னார். அரை மணி நேரம் இவ்வாறு சென்றது. புறப்படும்போது மூதாட்டி உள்ளே சென்று திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து, பேரனின் நெற்றியில் மூன்று விரலால் பூசிவிட்டார்.

திரும்பும் பேருந்தில் பெரியவர் உறங்கிவிட்டார். பேரன் சன்னலோரம் அமர்ந்து எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். காக்கை வராவிட்டால் அந்தச் சோற்றை என்ன செய்வீர்கள் என்று, தமிழில்தான், கேட்டான். அது வரும் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம் என்றார் பாட்டி. எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றான் அவன். பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவர் கூப்பிட்டுக் காட்டினார்.